பல குழந்தைகள் மருத்துவமனைகளை ஒரே தேசிய மருத்துவமனையாக இணைப்பது எப்படி: டப்ளின் அனுபவத்திலிருந்து ஒரு வழிகாட்டி

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் நெடுங்காலமாக மூன்று குழந்தைகள் மருத்துவமனைகள் தனித்தனி நிர்வாகத்தின் கீழ் இயங்கிவந்தன. 1821 இல் தொடங்கி, ஹார்கோர்ட் தெருவில் வளர்ந்து, 1998 இல் டாலா புறநகருக்குப் பெயர்ந்த மருத்துவமனை புராட்டஸ்டன்ட் மரபில் வந்தது. 1872 இல் தோன்றிய டெம்பிள் ஸ்ட்ரீட் மருத்துவமனையைக் கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்று கட்டிக்காத்தது. 1956 இல் திறக்கப்பட்ட கிரம்ளின் மருத்துவமனை டப்ளின் கத்தோலிக்கப் பேராயரின் ஆதரவில் எழுந்தது. இம்மூன்றையும் ஒன்றாக்கித் தேசிய மருத்துவமனை ஒன்றை அமைக்க வேண்டும் என்ற பரிந்துரை 2006 இல் வந்தது. கட்டுவதற்கான அனுமதி கிடைக்கவே 2016 ஆகிவிட்டது. 2017 இல் 98.3 கோடி யூரோவுக்கு ஒப்புதல் பெற்ற கட்டுமானச் செலவு, 2024 இல் இணைப்புச் செலவுகளையும் சேர்த்து 224 கோடி யூரோ என்ற நிலைக்கு வந்தது.

இத்தகைய இணைப்பைத் திட்டமிடும் சுகாதார அதிகாரிகள், மருத்துவர்கள், செவிலியர் தலைவர்கள், பெற்றோர் பிரதிநிதிகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். டப்ளின் திட்டத்தின் நோக்கத்தில் பிழை இல்லை. எந்த முடிவை முதலில் எடுப்பது, எதை அதன்பின் எடுப்பது என்ற வரிசை பிசகியதே அத்திட்டத்தின் பெரும்பாலான துன்பங்களுக்குக் காரணம் என்று கருதுகிறேன். ஆகவே இவ்வழிகாட்டி அந்த வரிசையைப் பின்பற்றியே செல்கிறது.

எந்தச் சிகிச்சையை ஒன்றுசேர்ப்பது

முதல் வேலை, எந்தெந்தச் சிகிச்சைகளை ஓரிடத்தில் குவிக்க வேண்டும் என்று பட்டியலிடுவது. இதற்கு அளவுகோல் எண்ணிக்கை. பிறவி இதயக் குறைபாட்டுக்கான அறுவை, குழந்தைகளுக்கான சிறுநீரக மாற்று, மூளைக் கட்டி அறுவை போன்றவை ஒரு சிறிய நாட்டில் ஆண்டுக்கு மிகச் சிலவே நடக்கும். அவற்றை மூன்று இடங்களில் பிரித்துச் செய்தால் எந்தக் குழுவுக்கும் போதிய கைப்பழக்கம் வராது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1980களிலும் 1990களிலும் இதய அறுவை செய்யப்பட்ட குழந்தைகளின் மரணங்களைப் பற்றி விசாரித்து 2001 இல் வெளியான அறிக்கை, இந்த உண்மையை உலக மருத்துவத் துறையின் முன் மறுக்க முடியாதபடி வைத்தது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் குழந்தைகள் இதய அறுவை நிறுத்தப்பட்டு, தீவு முழுவதற்குமான வலையமைப்பில் டப்ளின் மையமானதற்கும் இதே எண்ணிக்கைதான் அடிப்படை.

டப்ளினில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இதய அறுவையும் புற்றுநோய்ச் சிகிச்சையும் கிரம்ளினில் இருந்தன. நரம்பியல் அறுவையும் சிறுநீரக மாற்றும் வளர்சிதை மாற்ற நோய்களுக்கான பிரிவும் டெம்பிள் ஸ்ட்ரீட்டில் இருந்தன. மூளையில் கட்டி வந்த குழந்தைக்கு அறுவை ஓரிடத்திலும் புற்றுநோய் மருந்து மற்றோரிடத்திலும் நடந்தன. நோய்வாய்ப்பட்ட குழந்தையை நகரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கொண்டுசெல்லும் பெற்றோரின் துயரை எண்ணிப் பார்த்தால், இணைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு வேறு வாதமே தேவையில்லை.

எதைக் குவிக்கக் கூடாது என்ற பட்டியலும் அதே அளவு முக்கியம். காய்ச்சல், மூச்சிரைப்பு, கை முறிவு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுடன் வரும் குழந்தைகளே எண்ணிக்கையில் அதிகம்; அவர்களை ஒரே வாசலுக்கு வரவழைத்தால் தேசிய மருத்துவமனை திறந்த மாதமே திணறிப்போகும். டப்ளின் இதைச் சரியாகவே கணித்தது. நகரின் வடமேற்கே கானலி மருத்துவமனை வளாகத்தில் 2019 இலும், தென்மேற்கே டாலாவில் 2021 இலும் புறநோயாளி மற்றும் உடனடிச் சிகிச்சை மையங்கள் திறக்கப்பட்டன. பெரிய கட்டடத்துக்கு முன்பே இவை இயங்கத் தொடங்கியது மிக நல்ல ஏற்பாடு. ஒன்றிணைந்து வேலை செய்யும் பழக்கம் சிறிய அளவில் தொடங்கியது. வீட்டுக்கு அருகிலேயே சிகிச்சை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பெற்றோருக்கு வந்தது.

நெதர்லாந்து இதை இன்னும் துணிவாகச் செய்தது. அங்கே பல பல்கலைக்கழக மருத்துவமனைகளில் சிதறிக் கிடந்த குழந்தைகள் புற்றுநோய்ச் சிகிச்சை முழுவதும், 2018 இல் உட்ரெக்ட் நகரில் திறக்கப்பட்ட பிரின்செஸ் மாக்சிமா மையத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 குழந்தைகளுக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படும் நாடு அது. அறுவையும் கடினமான சிகிச்சைகளும் உட்ரெக்டில் நடக்கின்றன. ஆபத்துக் குறைந்த மருந்துகளும் துணைச் சிகிச்சைகளும் மையத்துடன் உடன்பாடு செய்துகொண்ட வட்டார மருத்துவமனைகளில் நடக்கின்றன. அந்தத் திட்டத்தை முன்னெடுத்தவர்களில் பெற்றோர் சங்கமும் ஒன்று என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரம் கூடினாலும் குணமாகும் வாய்ப்புக் கூடும் என்று அந்தப் பெற்றோரே வாதிட்டபோது, உள்ளூர் எதிர்ப்பின் வேகம் தணிந்தது.

இடத் தேர்வு

டப்ளின் மிக நீண்ட காலத்தை இழந்தது இந்தக் கட்டத்தில்தான். 2006 இல் வடக்கு டப்ளினின் மேட்டர் மருத்துவமனை வளாகம் தெரிவானது. நகரின் நடுவே நெருக்கமான இடமாதலால் கட்டடத்தை 16 மாடிக்கு உயர்த்த வேண்டியிருந்தது. 2012 பிப்ரவரியில் திட்ட அனுமதி வாரியம், அந்த உயரமும் பருமனும் நகரின் வானக்கோட்டையும் அருகிலுள்ள பழமையான தெருக்களின் அழகையும் கெடுக்கும் என்று கூறி அனுமதி மறுத்தது. மறுஆய்வுக்குழு ஒன்று மீண்டும் எல்லா இடங்களையும் அலசியபின், அதே ஆண்டு நவம்பரில் செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனை வளாகத்தை அரசு அறிவித்தது. ஆறாண்டு உழைப்பு இவ்வாறு வீணாயிற்று.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், அந்த இடத்தில் எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு, எத்தனை வாகனங்கள் அனுமதிக்கப்படும் என்பதை நகரத் திட்ட அதிகாரிகளிடம் எழுத்துப்பூர்வமாக விசாரித்துவிட வேண்டும். மருத்துவர் குழு தெரிவு செய்யும், நகரத் திட்டக்காரர்கள் பின்னர் ஒப்புதல் தருவார்கள் என்ற நம்பிக்கையில் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

அடுத்தது, அருகில் எந்த மருத்துவமனை இருக்க வேண்டும் என்ற கேள்வி. வளர்ந்தோருக்கான பெரிய கற்பித்தல் மருத்துவமனை அருகில் இருந்தால் அரிய துறை வல்லுநர்களையும் ஆய்வுக்கூடங்களையும் பகிர்ந்துகொள்ளலாம். பதினாறு, பதினெட்டு வயதை எட்டும் நோயாளிகள் வளர்ந்தோர் பிரிவுக்கு மாறுவதும் எளிதாகும். செயின்ட் ஜேம்ஸ் தெரிவுக்கு இதுவே முதன்மைக் காரணம். மகப்பேறு மருத்துவமனையின் அண்மை இதைவிட அவசரமானது என்பது என் கருத்து. இதயத்திலோ குடலிலோ பெருங்குறையுடன் பிறக்கும் பச்சிளங்குழந்தைக்குப் பிறந்த சில மணி நேரத்தில் அறுவை தேவைப்படலாம். அக்குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து ஆம்புலன்ஸில் அனுப்புவது மருத்துவ ரீதியாகவும் மன ரீதியாகவும் ஆபத்தானது. கூம்ப் மகப்பேறு மருத்துவமனையை அதே வளாகத்துக்குக் கொண்டுவரும் திட்டம் அறிவிக்கப்பட்டாலும், குழந்தைகள் மருத்துவமனையுடன் சேர்த்து அது கட்டப்படவில்லை. நீங்கள் திட்டமிடும்போது மகப்பேறு மருத்துவமனைக்கான நிலம், நிதி, கால அட்டவணை மூன்றையும் முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவை பெரும்பாலும் பின்தங்கியே நிற்கும்.

போக்குவரத்தைப் பற்றி எழும் எதிர்ப்பைச் சிறுமைப்படுத்தாதீர்கள். டப்ளினில் பெற்றோரும் மருத்துவர்களும் அடங்கிய குழுவினர், நகருக்கு வெளியே சுற்றுச்சாலையை ஒட்டிய கானலி வளாகமே ஏற்றது என்று விடாமல் போராடினர். தொலைதூர மாவட்டங்களிலிருந்து சக்கர நாற்காலியோடும் ஆக்சிஜன் சிலிண்டரோடும் காரில் வருபவர்களுக்கு நகர நடுவில் வண்டி நிறுத்த இடம் தேடுவது சாதாரணத் தொல்லையன்று. செயின்ட் ஜேம்ஸ் வளாகத்தில் நிலத்தடியில் ஏறத்தாழ 1,000 வண்டிகள் நிறுத்துமிடம் அமைக்கப்பட்டதும், டிராம் பாதை அருகில் இருப்பதும் இக்குறையை ஓரளவு தீர்க்கின்றன. நோயாளிகள் எந்த மாவட்டத்திலிருந்து, எந்த வாகனத்தில், எந்த நேரத்தில் வருகிறார்கள் என்ற கணக்கை ஓராண்டுக்காவது எடுத்து, எல்லா இடங்களுக்கும் ஒரே முறையில் பொருத்திக் காட்டி, முடிவைப் பொதுமக்கள் முன் வைப்பதே முறையான பதில்.

சட்டமும் நிர்வாகமும்

டப்ளினில் இருந்த மூன்று மருத்துவமனைகளும் வெவ்வேறு சட்ட அமைப்பையும் அறக்கட்டளையையும் கொண்டவை. 2018 இல் நிறைவேறிய குழந்தைகள் நலச் சட்டத்தின்படி, 2019 ஜனவரி 1 அன்று 'சில்ட்ரன்ஸ் ஹெல்த் அயர்லாந்து' என்ற ஒற்றை நிறுவனம் பொறுப்பேற்றது. அதற்குள் கட்டடத்தின் வடிவமைப்பு முடிந்து, ஒப்பந்ததாரரும் களத்தில் இறங்கிவிட்டார். கட்டடத்தை எழுப்புவதற்குத் தனி மேம்பாட்டு வாரியம், அதில் குடியேறுவதற்கு இன்னொரு நிறுவனம் என்று இரண்டு அதிகார மையங்கள் உருவாயின. கட்டும் வாரியத்தைத் தனியே வைப்பதில் தவறில்லை. குடியேறப்போகும் நிறுவனம் முதலில் பிறந்து, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்துடன் இருந்திருக்க வேண்டும்.

சட்ட வரைவில் சேர்க்க வேண்டியவற்றை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்: எல்லா ஊழியருக்கும் ஒரே முதலாளி; பணிமூப்பும் ஓய்வூதியமும் குறையாது என்ற உறுதி; பழைய மருத்துவமனைகளின் நிலமும் கட்டடங்களும் யாருக்குச் சேரும் என்ற தெளிவு; நன்கொடை நிதிகள் ஒன்றுசேரும் முறை; சமயச் சபைகளுக்கு நிர்வாகத்தில் பங்கு உண்டா இல்லையா என்ற நேரடிப் பதில். கடைசியதைத் தவிர்க்க நினைப்பவர்கள் உண்டு. வெவ்வேறு சமய மரபுகள் சந்திக்கும் இடத்தில் அதைத் தவிர்த்தால், சந்தேகம் ஒவ்வொரு நியமனத்திலும் தலைகாட்டும்.

பெயரையும் காலத்தே முடிவு செய்யுங்கள். 2017 இல் டப்ளின் மருத்துவமனைக்கு ஃபீனிக்ஸ் என்று பெயர் அறிவித்தபின், அமெரிக்காவின் அரிசோனாவில் அதே பெயரில் இயங்கும் குழந்தைகள் மருத்துவமனை எதிர்ப்புத் தெரிவிக்க, பெயரைக் கைவிட நேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இரண்டு குழந்தைகள் மருத்துவமனைகளை இணைத்து 2014 நவம்பரில் திறந்த மருத்துவமனைக்கு லேடி சிலென்டோ என்று பெயரிட்டனர். நான்கு ஆண்டுக்குள் குயின்ஸ்லாந்து குழந்தைகள் மருத்துவமனை என்று மாற்றினர். ஊரையும் நாட்டையும் சொல்லும் எளிய பெயர் போதும்.

விலையை எப்போது உறுதி செய்வது

செலவு பெருகியதற்குப் பேராசை, ஊழல் என்று எளிய காரணம் தேடுவது வழக்கம். ஒப்பந்த முறையே முதன்மைக் காரணம் என்பதை 2019 ஏப்ரலில் வெளியான தணிக்கை நிறுவனத்தின் ஆய்வறிக்கை காட்டியது. காலத்தை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் இரண்டு கட்ட ஒப்பந்தப்புள்ளி முறையைத் தேர்ந்தெடுத்தனர். முதல் கட்டத்தில், முழுமை பெறாத வரைபடங்களையும் தோராயமான அளவுகளையும் கொண்டு ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுத்தனர். நிலத்தடி வேலை தொடங்கியது. விரிவான வரைபடங்கள் முடிந்தபின் இரண்டாம் கட்டத்துக்கான இறுதி விலையைப் பேசினர். வரைபடம் முழுமையடைந்தபோது அளவுகள் கூடின, அவற்றோடு விலையும் கூடியது. அந்நிலையில் வாரியத்துக்குப் பேரம் பேசும் வலிமை மிகக் குறைவு. குழி தோண்டியபின் ஒப்பந்ததாரரை மாற்றுவது யாராலும் எளிதில் முடியாது. 2018 இறுதிக்குள் 98.3 கோடி யூரோ 143.3 கோடியாக உயர்ந்தது. 2024 இல் அறிவித்த 224 கோடியில் 188 கோடி கட்டுமானத்துக்கும், 36 கோடி மருத்துவமனைகளை இணைத்து இடம்பெயரச் செய்வதற்கும் உரியவை.

இதிலிருந்து பின்பற்ற வேண்டிய விதி தெளிவானது. ஒவ்வொரு அறையின் பயன்பாடும், ஒவ்வொரு குழாயும் மின்வழியும் காற்றோட்டக் குழலும் வரைபடத்தில் முடிந்தபின்பே விலையைக் கேளுங்கள். இதனால் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ தாமதமானாலும் அது தாங்கக்கூடிய தாமதம். நிதி அமைச்சகத்திடம் முதலில் சொல்லும் தொகை ஒற்றை எண்ணாக இல்லாமல், குறைந்த அளவையும் மிகுந்த அளவையும் காட்டும் வரம்பாக இருக்கட்டும். கணினிப் பதிவேடு, மருத்துவக் கருவிகள், இடம்பெயர்ப்பு, ஊழியர் பயிற்சி ஆகியவற்றை அந்த வரம்புக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். இவற்றைக் கட்டடச் செலவுக்கு வெளியே நிறுத்தினால் முதல் எண் சிறிதாகத் தெரியும், பின்னர் ஒவ்வொரு முறை அவற்றைச் சேர்க்கும்போதும் மக்கள் நம்பிக்கை தேயும்.

பணத்தைச் சேமிக்க முனையும்போது படுக்கை அறைகளில் கைவைக்காதீர்கள். டப்ளின் கட்டடத்தின் 380 உள்நோயாளி அறைகளும் தனி அறைகள். ஒவ்வொன்றிலும் குளியலறையும் உடன் தங்கும் தாய் அல்லது தந்தைக்குப் படுக்கையும் உண்டு. தொற்று பரவாமல் தடுப்பதற்கும், நோயுற்ற குழந்தை அச்சமின்றித் தூங்குவதற்கும் இதைவிடப் பெரிய துணை கிடையாது. எத்தனை விமர்சனம் இருந்தாலும் இந்த ஒன்றுக்காக அந்த வடிவமைப்பாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஒரே முறையில் சிகிச்சை

அதிகம் பேசப்படாத இந்த வேலையே குழந்தையின் உயிருக்கு மிக அருகில் உள்ளது. மூன்று மருத்துவமனைகளில் ஒரே மருந்தை மூன்று வெவ்வேறு செறிவில் கரைத்து, வெவ்வேறு வேகத்தில் இரத்த நாளம் வழியே செலுத்தும் வழக்கம் இருக்கக்கூடும். குழந்தைகளுக்கு மருந்தளவு உடல் எடையைக் கொண்டே கணக்கிடப்படுவதால், ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே சென்றுவிடும். பழக்கப்பட்ட செறிவை மனத்தில் வைத்துக் கணக்கிடும் செவிலியர், புதிய கட்டடத்தில் வேறொரு மருத்துவமனையிலிருந்து வந்த சிரிஞ்ச் பம்ப்பின் முன் நிற்கும்போது பிழை நேர்வதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

எனவே கட்டடம் எழும் ஆண்டுகளிலேயே, பழைய மருத்துவமனைகளில் இருந்தபடியே, மருந்துச் செறிவுகளை ஒன்றாக்குங்கள். ஒரே வகைப் பம்ப்புகளை வாங்குங்கள். உயிர் காக்கும் அவசர வண்டியின் எந்த இழுப்பறையில் எந்தப் பொருள் என்பது எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். உடல்நிலை மோசமாவதை முன்கூட்டிக் காட்டும் மதிப்பெண் அட்டவணை, அவசர அழைப்பு எண், இரத்தம் வரவழைக்கும் முறை, வலி நிவாரண வழிமுறை ஆகியவற்றைத் துறைவாரியாக ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் ஒரு மருந்தாளரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். எந்த மருத்துவமனையின் வழக்கம் வெல்வது என்ற போட்டி எழும். சான்று வலுவாக உள்ள முறையை ஏற்பது, இரண்டும் சமமாக இருந்தால் செவிலியருக்கு எளிதானதை ஏற்பது என்ற விதியை முன்பே அறிவித்துவிட்டால் சண்டை குறையும்.

நோயாளி எண்களையும் ஒன்றாக்க வேண்டும். ஒரே குழந்தைக்கு மூன்று மருத்துவமனைகளில் மூன்று கோப்புகள் இருந்தால், ஒவ்வாமை பற்றிய குறிப்பு ஒன்றில் மட்டுமே இருக்க நேரிடும். மின்னணுப் பதிவேட்டைப் புதிய கட்டடம் திறக்கும் அதே நாளில் தொடங்குவது கவர்ச்சியாகத் தோன்றலாம். இடமும் மாறி, கருவியும் மாறி, உடன் பணிபுரிபவரும் மாறிய நாளில் கணினித் திரையும் மாறினால் ஊழியர் தடுமாறுவது உறுதி. முடிந்தால் புறநோயாளி மையங்களில் முதலில் தொடங்கிப் பழக்கப்படுத்துங்கள்.

மேற்பார்வையும் ஒன்றுபட வேண்டும். 2025 இல் அயர்லாந்தின் சுகாதாரத் தர ஆணையம் வெளியிட்ட அறிக்கை, டெம்பிள் ஸ்ட்ரீட்டில் குழந்தைகளின் முதுகுத்தண்டு அறுவையில் மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதல்லாத சுருள்வில்கள் பொருத்தப்பட்டதை உறுதி செய்து, நிர்வாகக் கண்காணிப்பின் குறைகளைச் சுட்டியது. பெயர்ப்பலகையில் ஒரே நிறுவனமாகி ஆண்டுகள் கழிந்தும், கருவிகளை அனுமதிக்கும் நடைமுறை கீழ்மட்டம் வரை ஒரே உறுதியுடன் இயங்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டாம்.

கட்டடம் வரட்டும் என்று காத்திருப்போர் பட்டியலையும் தள்ளிப்போடாதீர்கள். முதுகுத்தண்டு வளைவு உள்ள குழந்தை எவரும் நான்கு மாதத்துக்கு மேல் அறுவைக்குக் காத்திருக்க மாட்டார்கள் என்று 2017 இல் அயர்லாந்தின் சுகாதார அமைச்சர் அளித்த உறுதி நிறைவேறவில்லை. வளைவு காத்திருக்கும் காலத்தில் கூடிக்கொண்டே போகும். ஆகவே பழைய மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளுக்கும் தீவிர சிகிச்சைப் படுக்கைகளுக்கும் கடைசி நாள் வரை பணம் ஒதுக்க வேண்டும்.

சோதித்துப் பார்த்துக் குடியேறுதல்

கட்டடம் கைக்கு வந்த நாளும் முதல் குழந்தை உள்ளே வரும் நாளும் வேறு வேறு. இடையில் குறைந்தது ஒன்பது மாதமாவது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் புதிய குழந்தைகள் மருத்துவமனை 2019 ஜூலையில் திறக்க இருந்தது; தீவிர சிகிச்சைப் பிரிவின் காற்றோட்டம் உரிய தரத்தில் இல்லை என்று சில நாட்களுக்கு முன் கண்டறியப்பட்டு இடப்பெயர்ப்பு நிறுத்தப்பட்டது. முழுமையாகத் திறக்க 2021 ஆயிற்று. நிறுத்தியது துணிவான, சரியான முடிவு. ஆனால் வரைபடத்தைத் தொற்றுத் தடுப்பு வல்லுநர் ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்திட்டு ஏற்க வேண்டும் என்ற விதி இருந்திருந்தால் அந்தக் குறை பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

காற்றோட்டம், குடிநீர், மருத்துவ வாயுக்கள், மின்தடை நேரத்து ஜெனரேட்டர் ஆகியவற்றைக் கட்டியவரைச் சாராத பொறியாளர்களைக் கொண்டு சோதியுங்கள். பின்னர் ஊழியரை உள்ளே அழைத்து ஒத்திகை பாருங்கள்: நள்ளிரவில் இதயத் துடிப்பு நின்றுபோன குழந்தையை மூன்றாம் மாடியிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எத்தனை நிமிடத்தில் கொண்டுசெல்ல முடிகிறது, இரத்தப் பை எந்த வழியே வருகிறது, லிஃப்ட் கதவு வெண்டிலேட்டர் பொருத்திய கட்டிலுக்குப் போதிய அகலம் உள்ளதா என்று நேரடியாகப் பார்த்தால்தான் தெரியும். ஒத்திகையில் வெளிப்பட்ட குறைகளுக்குப் பொறுப்பாளர் பெயரும் முடிக்கும் தேதியும் குறித்த பட்டியல் வைத்து, உயிராபத்தான குறை ஒன்றேனும் மிஞ்சியிருந்தால் திறப்பைத் தள்ளிப்போடும் அதிகாரத்தைத் தலைமை மருத்துவரிடமும் தலைமைச் செவிலியரிடமும் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்துவிடுங்கள். அமைச்சரின் நாட்குறிப்பைக் கொண்டு திறப்பு நாள் முடிவாகக் கூடாது.

குடியேறும் வாரத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே அவசரமற்ற அறுவைகளைக் குறைத்து, உள்நோயாளிகளின் எண்ணிக்கையை இறக்க வேண்டும். பள்ளிகள் விடுமுறையில் இருக்கும், சளிக் காய்ச்சல் குறைந்த கோடைக்காலமே உகந்தது. குளிர்காலத்தில் கைக்குழந்தைகளின் மூச்சுக்குழல் தொற்று எல்லாப் படுக்கைகளையும் நிரப்பிவிடும். மருத்துவமனைகளை ஒவ்வொன்றாக, போதிய இடைவெளி விட்டு மாற்றுங்கள். வெண்டிலேட்டரில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அதை நன்கறிந்த செவிலியரும் மருத்துவரும் உடன் செல்ல வேண்டும். பெற்றோர் ஒருவருக்கு அதே ஆம்புலன்ஸிலோ பின்னால் வரும் வண்டியிலோ இடம் தர வேண்டும்.

மூடிய அவசரப் பிரிவின் வாசலில் பல மாதங்களுக்கு மருத்துவரும் செவிலியரும் ஆம்புலன்ஸும் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்க வேண்டும். அறிவிப்புகளை எத்தனை முறை வெளியிட்டாலும், மூச்சுத் திணறும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாம் பிறந்த காலம் முதல் தெரிந்த வாசலுக்கே ஓடிவரும் பெற்றோர் இருப்பார்கள். அந்த வாசலுக்கு வருவோரின் எண்ணிக்கையை வாரந்தோறும் எழுதி வைத்து, தொடர்ந்து பல வாரங்கள் ஒருவரும் வராத பின்பே காவலை விலக்குங்கள்.